ஷிஃப்ட் லிஸ்ட்

500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில் நல அலுவலர் ஒருவரை நியமித்தாக வேண்டும் என்றது 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49-வது பிரிவு. அந்தப் பிரிவின் புண்ணியத்தில்தான் என் குடும்பத்தில் அடுப்பு எரிந்தது. கோவையைச் சுற்றியும் திண்டுக்கல் பக்கமுமாக, நூற்பாலைகளிலேயே என் உத்தியோக காலம் முழுக்கக் கழிந்தது. சம்பளம் கொடுப்பவர் ஒரு பக்கம், யாருக்காக அந்தச் சம்பளமோ அவர்கள் இன்னொரு பக்கம். நிர்வாகக் கூட்டத்தில் என்னைச் சங்கத்து ஆள் என்பார்கள். சங்கத்து ஆபீசில் முதலாளி ஆள் என்பார்கள். இரண்டு இடத்திலும் டீ மட்டும் தவறாமல் கிடைக்கும்.

வேலை என்னவென்று கேட்டால் சொல்வது கஷ்டம். இ.எஸ்.ஐ. கார்டில் புது மனைவியின் பெயரைச் சேர்ப்பது, பி.எஃப். நாமினியை அம்மாவிடமிருந்து மாற்றுவது (அது தெரிந்து அந்த அம்மா என்னிடம் சண்டைக்கு வருவது), ஜூன் மாதம் ஸ்கூல் பீஸுக்கு அட்வான்ஸ், கேன்டீன் சாம்பார், காப்பகத்து ஆயா வரவில்லை என்ற புகார், லைன் வீட்டுக்குள் புகுந்த பாம்பு. இவற்றுக்கு நடுவே சட்டம் கேட்ட கணக்கு ஒன்று இருந்தது. 250 பேருக்கு மேல் என்றால் கேன்டீன், 150-க்கு மேல் என்றால் ஓய்வறை, பெண்கள் 30-க்கு மேல் என்றால் குழந்தைகள் காப்பகம். இன்ஸ்பெக்டர் வந்து இருக்கிறதா என்று பார்ப்பார். எல்லாம் இருக்கும். ஓய்வறையும் இருக்கும். பூட்டு தொங்கும், சாவி செக்யூரிட்டியிடம் இருக்கும், செக்யூரிட்டி டீ குடிக்கப் போயிருப்பார்.

கல்லூரியில் எங்களுக்கு உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க்கை விழுந்து விழுந்து நடத்தினார்கள். சம்பளம், வசதி, மேலதிகாரியின் நடத்தை இவையெல்லாம் சரியாக இருந்தால் மனக்குறை வராது, அவ்வளவுதான். மனநிறைவு வர வேண்டுமானால் பொறுப்பும் பாராட்டும் வளர்ச்சியும் வேண்டும் என்பது அவர் கட்சி. பரீட்சைக்கு எழுதி மார்க்கும் வாங்கினேன். அவர் கேள்வி கேட்டதெல்லாம் பிட்ஸ்பர்க் பகுதியின் இன்ஜினீயர்களையும் கணக்காளர்களையும் என்று பின்னால்தான் கவனித்தேன். ரிங் ஃப்ரேமுக்கு நடுவே இரவு மூன்று மணிக்கு அறுந்த இழையை ஒட்டிக்கொண்டு நடக்கிறவரிடம் யாரும் போய்க் கேட்கவில்லை.

எங்கள் தொழிலுக்கு நெருக்கமாக எழுதியவர் எல்டன் மேயோ. அவரை ஹாதோர்ன் ஆய்வோடு சேர்த்துத்தான் எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்பே, 1923-ல், பிலடெல்பியா அருகே ஒரு ஜவுளி மில்லுக்குள் அவர் போயிருக்கிறார். மற்ற பிரிவுகளில் வருஷத்துக்கு 5, 6 சதவீதம் பேர் விலகும்போது நூற்புப் பிரிவில் மட்டும் விலகல் 250 சதவீதம் அளவில் இருந்தது. ஊக்கத்தொகையெல்லாம் போட்டுப் பார்த்தும் பலனில்லை. அந்த ஆட்களுக்குக் கால்வலி, நாள் முழுக்க இயந்திரத்தோடு முன்னும் பின்னுமாக நடை, பேச்சுத்துணை கிடையாது, மனம் சோர்ந்து கிடந்தது. மேயோ நடுவில் படுத்து ஓய்வெடுக்கச் சில நிமிடங்கள் வாங்கிக் கொடுத்தார். நிலைமை மாறியது. அவசர ஆர்டர் வந்ததும் சூப்பர்வைசர் அந்த ஓய்வை நிறுத்தினார், எல்லாம் பழையபடி கெட்டது. கடைசியில் மில்லின் தலைவர் ஓய்வு நேரத்தைத் தொழிலாளர்களே தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டார். விஷயம் அந்தக் கடைசி வரியில் இருக்கிறது என்பது என் எண்ணம். பாடப்புத்தகங்கள் ஓய்வைப் பற்றி நிறையச் சொல்லும், அதை யார் முடிவு செய்தார்கள் என்பதை அவசரமாகத் தாண்டிவிடும்.

நம் ஊர்க் கதையும் அதுதான். 1918-ல் சென்னையில் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது, பின்னி ஆலைத் தொழிலாளர்களின் முக்கியக் குறைகளில் ஒன்று சாப்பாட்டுக்கு விடும் 30 நிமிடம் போதவில்லை என்பது. சங்கம் கேட்டது 40 நிமிடம். கூடுதலாகப் பத்தே பத்து நிமிடம்.

ஒரு மில்லில் வெளியூர் கன்சல்டன்ட் ஒருவரைக் கூப்பிட்டுத் தொழிலாளர் திருப்திக் கணக்கெடுப்பு நடத்தினார்கள். தாளில் ஐந்து கட்டம்: மிகவும் திருப்தி, திருப்தி, அப்படி இப்படி, அதிருப்தி, மிகவும் அதிருப்தி. சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்க, நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றும் டாஃபர் பையன்கள் வரிசையாக வந்து இரண்டாவது கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் போனார்கள். ரிங் ஃப்ரேமின் ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் மூத்த சைடர் ஒருவர் பேனாவையே வாங்கவில்லை. "நீங்களே போட்டுக்குங்க சார். எங்க போடணுமோ அங்க போட்டுக்குங்க. சைடுல இழை அறுந்து கெடக்குதுங்க" என்று போய்விட்டார். மில்லில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்தி என்று ரிப்போர்ட் வந்தது. அதே மாதம் வைண்டிங்கில் ஒரு கூட்டமே கணக்கு முடித்துக்கொண்டு பனியன் கம்பெனிக்குப் போனது.

அதன் பிறகு நான் ஆட்களைக் கேட்பதைக் குறைத்துக்கொண்டு ரிஜிஸ்டரைப் பார்க்க ஆரம்பித்தேன். முழு நைட் வாரத்தின் முதல் நாள் எத்தனை ஆப்சென்ட். இ.எஸ்.ஐ. சர்ட்டிபிகேட் எந்த வாரத்தில் குவிகிறது. 91 நாள் வரைக்கும் பாதிச் சம்பளத்துக்கு மேல் கிடைக்கும் என்பதால், ராத்திரி ஷிஃப்டைத் தாங்க முடியாதவனுக்கு டாக்டர் சீட்டுத்தான் லீவு லெட்டர். நைட் கேன்டீன் டோக்கன் எவ்வளவு மிஞ்சுகிறது. கேட் பாஸ் எந்த நேரத்தில் அதிகம் போகிறது. இவை பொய் சொல்லாது.

பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோ ரூமில் வார லீவுக்கு மறுநாள் மட்டும் கேட் பாஸ் கூடுவதை அப்படித்தான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை போட்ட சரக்கு இன்னும் இறங்கவில்லை என்பது ஸ்பின்னிங் மாஸ்டரின் தீர்ப்பு. போன ஆட்களில் சிலர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தவர்கள். பஞ்சுத் தூசியால் வரும் நோய் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று அப்புறம் படித்தேன். ஒரு நாள் தூசியில்லாமல் இருந்துவிட்டு மறுநாள் உள்ளே வந்ததும் நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும், வாரம் போகப் போகத் தேவலை மாதிரி இருக்கும், வருஷம் போகப் போக எல்லா நாளும் இறுக்கும். தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணையில் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்களில், பிசினோசிஸ் எனப்படும் இந்த நோயும் ஒன்றாக இருந்தது. நிர்வாகம் துணி மாஸ்க் வாங்கிக் கொடுத்தது. அந்தச் சூட்டில் மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு பேல் பிரிக்க யாராலும் முடியாது. தூசியை மெஷினிலேயே உறிஞ்சி எடுக்கும் ஏற்பாடு வந்த பிறகுதான் மூச்சு கொஞ்சம் லேசானது. அந்த ஏற்பாடும் ஆட்களுக்காக வரவில்லை, நூலின் தரத்துக்காக வந்தது. வந்தவரைக்கும் லாபம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

இனி ஷிஃப்ட் லிஸ்ட். எங்கள் மில்லில் பகல் ஷிஃப்ட் 7 மணியிலிருந்து 3 வரை, அரை நைட் 3-லிருந்து 11, முழு நைட் 11-லிருந்து 7. வாரத்துக்கு ஒருமுறை சுழலும். அடுத்த வாரம் யார் எந்த ஷிஃப்ட், யாருக்கு என்றைக்கு வார லீவு என்ற லிஸ்ட் சனிக்கிழமை சாயங்காலம் டைம் ஆபீஸ் பலகையில் ஏறும். சில சனிக்கிழமை ராத்திரியாகிவிடும். பலகைக்கு முன்னால் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் பத்தாம் வகுப்பு ரிசல்ட் பார்க்க வந்தவர்கள் போலிருக்கும். மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், ஞாயிறு லீவு உண்டா? அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும், காலை சும்மா இருக்குமா? எல்லாக் கேள்விக்கும் பதில் அந்தத் தாளில் இருந்தது. அதை எழுதுகிறவர் மேஸ்திரி. மேஸ்திரிக்குப் பிடித்தவருக்கு ஆடி நோன்பன்று லீவு விழும், பிடிக்காதவருக்கு மாரியம்மன் பொங்கலன்று முழு நைட் விழும். ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள வேண்டுமென்றால் மேஸ்திரியிடம் தலையைச் சொறிய வேண்டும். தலையைச் சொறிவதற்கு ஒரு விலையும் இருந்தது.

சுழற்சியும் தலைகீழாக இருந்தது. பகல் வாரம் முடிந்தால் முழு நைட், அது முடிந்தால் அரை நைட். மனித உடம்பின் உள் கடிகாரம் பெரும்பாலோருக்கு 24 மணியைவிடக் கொஞ்சம் நீளமாக ஓடுவது. தூக்கத்தைத் தள்ளிப்போடுவது எளிது, முன்னுக்கு இழுப்பது கடினம். பகல், அரை நைட், முழு நைட் என்று முன்னோக்கிச் சுழற்றினால் உடம்பு ஓரளவு ஒத்துப்போகும். நான் இதைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு விளக்கியபோது கார்டிங் அண்ணன் ஒருவர், "தம்பி, இதுக்கு எதுக்கு புஸ்தகம்? பொழுதோட படுன்னா எவனுக்குத் தூக்கம் வருது?" என்றார்.

முழு நைட் முடித்துப் போகிறவரின் வார லீவைச் சட்டம் விசேஷமாகவே கணக்கிடுகிறது. நள்ளிரவைத் தாண்டும் ஷிஃப்ட் என்றால், ஷிஃப்ட் முடியும் நேரத்திலிருந்து 24 மணி நேரம் விடுமுறை. அதாவது காலை 7 மணிக்குக் கேட்டை விட்டு வெளியே கால் வைக்கும்போது லீவு தொடங்கிவிடும். வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுப் படுத்து எழுந்தால் சாயங்காலம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது? அதுவும் படுத்ததும் தூக்கம் வந்தால். சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, பக்கத்து வீட்டு மிக்சிக்கும் கோயில் ஸ்பீக்கருக்கும் நடுவே தூங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். இரவுப் பணி புற்றுநோய்க்குக் காரணமாக இருக்க வாய்ப்புள்ளது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-ல் வகைப்படுத்தியது, 2019-ல் மறுபடி ஆராய்ந்தும் அதையே உறுதி செய்தது. எங்கள் ஆட்களுக்குப் புற்றுநோய் தூரத்து விஷயம். வயிற்றுப்புண்ணும், காரணமே தெரியாமல் பெண்டாட்டி மேல் எரிந்து விழுவதும்தான் கிட்டத்தில் இருந்தவை.

நான் கேட்டது மூன்று. லிஸ்ட் இரண்டு வாரம் முன்னாலேயே ஒட்டப்பட வேண்டும். சுழற்சி முன்னோக்கிப் போக வேண்டும். ஒரே வேலை தெரிந்த இரண்டு பேர் மாற்றிக்கொள்ள விரும்பினால், டைம் ஆபீஸில் ஒரு நோட்டில் இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும், மேஸ்திரி அனுமதி வேண்டாம். வேலை நேர அறிவிப்பை எல்லாரும் பார்க்கிற இடத்தில் ஒட்டி வைத்து அதன்படியே வேலை வாங்க வேண்டும் என்பது ஏற்கெனவே சட்டம். அதைப் பிடித்துக்கொண்டுதான் பேசினேன். ஸ்பின்னிங் மாஸ்டர், ஆள் மாறினால் சைடு யார் பொறுப்பு என்று குதித்தார். அது எதிர்பார்த்ததுதான். சங்கமும் எதிர்த்தது எதிர்பாராதது. ஆட்கள் தங்களுக்குள்ளேயே மாற்றிக்கொண்டால் ஆப்சென்ட் விழாது, ஆப்சென்ட் விழாவிட்டால் கேட்டில் காத்திருக்கும் பதிலி ஆட்களுக்கு அன்றைக்குக் கூலி இல்லை. நியாயமான கேள்வி. பதிலிகளுக்கு மாதத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை நாள் வேலை என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் சங்கம் இறங்கி வந்தது. மேஸ்திரிகள் கடைசி வரை இறங்கி வரவில்லை. அந்த நோட்டு பலமுறை காணாமல் போனது.

நோட்டைப் புரட்டினால் ஊர்க் கதையெல்லாம் தெரியும். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே மில்லில் வேலை. ஒரு ஜோடி ஒரே ஷிஃப்ட் கேட்டது, கல்யாணமாகி ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை என்று. இன்னொரு ஜோடி எதிரெதிர் ஷிஃப்ட் கேட்டது, கைக்குழந்தையை யாராவது ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டுமே என்று. காப்பகம் இருக்கிறதே என்றேன். "ராத்திரில அங்க யாருங்க இருக்கறாங்க?" என்று அந்தப் பெண் திருப்பிக் கேட்டார். காப்பகம் பகல் ஷிஃப்டுக்கு மட்டும் இயங்கியது. ஒருவர் வருஷம் முழுக்க முழு நைட்டே போடச் சொல்லிக் கெஞ்சினார், பகலில் தோட்டத்தில் வெங்காயம். இவர்கள் எல்லாருக்கும் பொருந்துகிற ஒரு நல்ல ஷிஃப்டை எந்த நிபுணராலும் உட்கார்ந்து போட்டுவிட முடியாது. விட்டால் அவர்களே போட்டுக்கொள்வார்கள். முழு நைட் முதல் நாள் ஆப்சென்ட் குறைந்தது.

பெரிய வசதிகளைவிட இப்படிச் சின்ன நேரங்களுக்குத்தான் மில்லில் மதிப்பு. சைடரால் சைடை விட்டு நகர முடியாது; நகர்ந்தால் இழை அறுந்து பஞ்சாய்ச் சுற்றும், பேச்சு வாங்க வேண்டும். பாத்ரூம் போக ரிலீவர் வர வேண்டும். ரிலீவருக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்ட பெண்கள் எத்தனை பேர்! கம்பெனி டிஸ்பென்சரியில் சிறுநீர்க் கடுப்பு என்று வருகிறவர்கள் பட்டியலைக் காட்டித்தான் கூடுதலாக ரிலீவர் வாங்கினேன். நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களுக்கு இடையிடையே உட்கார வசதி தர வேண்டும் என்று 44-வது பிரிவு சொன்னது. ஸ்டூல் போட்டோம். உட்கார்ந்தால் மேஸ்திரி முறைப்பார் என்பதால் டிபன் கேரியர் வைக்கத்தான் அது பயன்பட்டது.

நைட் கேன்டீன் கதை தனி. இரவு ஒன்றரைக்கு உப்புமா. சாயங்காலம் கிண்டி வைத்தது, கரண்டியால் வெட்டி எடுக்க வேண்டும். கேன்டீன் கமிட்டியில் புளிச்சோறா தக்காளிச் சோறா என்று மாதக்கணக்கில் விவாதம் நடந்தது, நாடாளுமன்றம் தோற்கும். கடைசியில் ஆட்கள் கேட்டது சோற்றையே அல்ல. மூன்று மணிக்கு வரும் டீயை நாலு மணிக்குத் தள்ளச் சொன்னார்கள். நாலு மணிதான் கண் சொருகும் நேரம், கை விரலுக்கு ஆபத்தான நேரமும் அதுதான். கான்ட்ராக்டர் ஒரு பைசா கூடக் கேட்காமல் ஒத்துக்கொண்ட ஒரே கோரிக்கை அது.

டபுள் போடுவது பற்றிச் சொல்லாவிட்டால் நான் பூசி மெழுகியதாகிவிடும். கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்பது சட்டம். பல மில்களில் டபுள் ஷிஃப்ட் என்றால் ஒற்றைச் சம்பளம், வேறு நோட்டில் கணக்கு. அதையும் ஆட்கள் கேட்டு வாங்கிப் போட்டார்கள். கந்து வட்டி, கல்யாணக் கடன், தங்கச்சி படிப்பு. 16 மணி நேரம் நின்றுவிட்டுப் போகிறவரிடம் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால், "சம்பளத்தை நீங்க பாத்துக்குங்க, ஒடம்பை நான் பாத்துக்கறனுங்க" என்பார். எட்டு மணி நேரச் சம்பளத்தில் குடும்பம் நடந்தால் யாரும் டபுளுக்குக் கை தூக்க மாட்டார்கள். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி விடும் திருத்த மசோதா சட்டப்பேரவையில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பிறகு மே தினத்தன்று வாபஸ் என்று முதல்வர் அறிவித்தபோது, நான் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தேன். பன்னிரண்டு மணி நேரம் என்பது ஏதோ புதுச் செய்தி போல டி.வி.யில் பேசினார்கள்.

தங்கள் நேரம் சுத்தமாகத் தங்களிடம் இல்லாதவர்கள் என்றால் ஹாஸ்டல் பெண்கள்தான். மூன்று வருஷம் வேலை, முடிவில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணத்துக்கு உதவும் என்று சுமங்கலித் திட்டம் போட்டு தென்மாவட்டங்களிலிருந்து வேனில் கூட்டி வந்த பிள்ளைகள். பதினேழு, பதினெட்டு வயசு என்று சர்டிபிகேட்டில் இருக்கும். பெண்களுக்கு இரவுப் பணி கூடாது என்ற 66-வது பிரிவின் தடையை 2000-ல் சென்னை உயர் நீதிமன்றம் சில நிபந்தனைகளோடு நீக்கியது. பகலிலிருந்து இரவுக்கோ இரவிலிருந்து பகலுக்கோ மாற்றும்போது நடுவில் குறைந்தது 12 மணி நேர இடைவெளி விட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. வெளியிலிருந்து வருகிற தொழிலாளிக்குப் பஸ் இல்லை, வீட்டில் விசேஷம் என்று சொல்ல ஏதாவது இருக்கும். ஹாஸ்டல் பிள்ளைக்கு ஒன்றும் கிடையாது. காம்பவுண்டுக்குள்ளேயே படுத்திருக்கிறாள், கதவைத் தட்டினால் ஆள் ரெடி. ஞாயிற்றுக்கிழமை வார்டன் பக்கத்தில் நிற்க வீட்டுக்கு போன். நல அலுவலராக இருந்த காலத்தில் நான் மிகவும் வெறுத்த வேலை, அந்த ஹாஸ்டலில் டி.வி. ரூமைத் திறந்து வைத்து போட்டோவுக்கு நின்றது. டி.வி. பார்க்க அந்தப் பிள்ளைகளுக்கு விழித்திருக்கும் நேரம் ஏது?

பிறகு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பையன்கள் வந்தார்கள். அவர்களுக்கு வார லீவு பெரிய விஷயமாகப் படவில்லை. சத் பூஜைக்கு ஊருக்குப் போக வேண்டும், ரயிலிலேயே நாள்கள் போய்விடும், நாலு நாள் லீவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அன்றைய சட்டப்படி வருஷத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு லீவு சேர்கிறது, எடுக்காததில் 30 நாள் வரை அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகலாம் என்பதை இந்தியில் எழுதி ஒட்டினோம். அதுவரை அப்படி ஒரு லீவு இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. ஊருக்குப் போவதென்றால் கணக்கு முடித்துக்கொண்டுதான் போவார்கள், திரும்பி வந்து புது ஆளாகச் சேர்வார்கள். ஒட்டிய பிறகு போனவர்களில் நிறையப் பேர் பழைய டோக்கன் நம்பருக்கே திரும்பி வந்தார்கள். அந்த வருஷம் கன்சல்டன்ட் யாரையும் கூப்பிடவில்லை.

போன தையில் ஒரு மில்லின் எச்.ஆர். பையன் என்னைத் தேடி வந்தான். படித்த பிள்ளை, மரியாதையான பிள்ளை. செல்போனிலேயே தொழிலாளர்கள் தினமும் சிரித்த முகம், அழுத முகம் அமுக்கித் தங்கள் மனநிலையைச் சொல்கிற மாதிரி ஒரு ஆப் வாங்கப்போகிறார்களாம், அபிப்பிராயம் கேட்டான். உங்கள் மில்லில் ஷிஃப்ட் லிஸ்ட் எப்போது போடுகிறீர்கள் என்றேன். வாட்ஸப்பில் அனுப்பிவிடுவோம் சார் என்றான். எப்போது? முந்தின நாள் ராத்திரி ஒன்பது, பத்து மணிக்கு. சில நாள் காலையில்கூட மாறும் சார், ஆர்டரைப் பொறுத்து. முதலில் அதை இரண்டு வாரம் முன்னால் போடுப்பா, மாற்றினால் மாற்றுகிற சூப்பர்வைசர் காரணம் எழுதிக் கையெழுத்துப் போடட்டும், ஆப்பை அப்புறம் வாங்கலாம் என்றேன். நோட்டில் குறித்துக்கொண்டான். ஜி.எம்.மைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

ஆப் வாங்கிவிட்டார்கள் என்று கேள்வி.